பழைய பாக்ஸ்டர், 911 கார்களில் ஆயில் ஃபில்டர்: எங்கே தவறு நடக்கிறது

பழைய ஃபில்டரைக் கழற்றிய கையோடு குப்பையில் போடுவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. நான் சொல்வது எம்96 இன்ஜின் உள்ள போர்ஷே கார்களை, அதாவது 1990-களின் பிற்பகுதியில் வந்த பாக்ஸ்டர் 986, 911 வரிசையில் 996. இப்போது இவை ஓரளவு மலிவாகக் கிடைப்பதால் வாங்கியவர்கள் தாங்களே அடியில் படுத்து ஆயில் மாற்றுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் ஃபில்டரைப் பார்க்காமல் எறிந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஏனென்றால் இந்த இன்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்களுக்குக் கொண்டுபோகும் இடைத்தண்டு ஒன்று உண்டு, அதன் ஒரு முனையில் சீல் செய்த பால் பேரிங் இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதாவது இடைத்தண்டு) பேரிங் என்கிறார்கள். வருடம் ஆக ஆக சீல் தளர்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிட, குண்டுகள் தேயத் தொடங்கும். அந்த பேரிங் முழுதாக உடைந்தால் டைமிங், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் ஒழுங்கு போய், இரண்டும் மோதி, இன்ஜினே போய்விடும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2013-இல் சமரசத்தில் முடிந்தது. உடைவதற்கு முன் பல நேரம் இரும்புத் துகள் உதிரும். எல்லா நேரமும் அப்படி நடக்காது, ஆனாலும் உதிரும்போது அது வந்து சிக்குகிற இடம் ஃபில்டர் காகிதம்தான்.

ஆகவே காகிதத்தை வெட்டி, மடிப்புகளை விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு காந்தத்தையும் மேலே ஓட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான செதில்கள் இருந்தால் காரை ஓட்டாதீர்கள், இந்த இன்ஜினைப் பிரித்துப் பழகியவரிடம் காட்டுங்கள். ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாக இருக்கலாம், அதையும் அலட்சியமாக விடக்கூடாது. பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்குகள் செயின் வழிகாட்டிப் பட்டைகள் தேய்வதால் வருபவை. துகள் நிறைய வந்த பிறகு பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு, அதற்குள் துகள் இன்ஜின் முழுக்கப் பரவியிருக்கும்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். ஃபில்டர் ஒரு பிளாஸ்டிக் கப்புக்குள் இருக்கிறது. பிளையர், செயின் ரென்ச் போட்டுத் திருகினால் கப் விரிசல் விடும், 74 மி.மீ. தொப்பி ரென்ச் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது 25 நியூட்டன் மீட்டர் போதும். அழுத்தமாக இருந்தால் ஒழுகாது என்று பலத்தைக் காட்டினால் அடுத்த முறை அதுவே கழலாது. ஒழுகாமல் காப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அதனால் ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள், மேலே கொஞ்சம் புது ஆயில் தடவுங்கள். பழைய ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டு ஆயிலை ஒழுகவிட்டவர்கள் நிறையப் பேர். கப்பின் அடியில் தேங்கிய கறுப்பு ஆயிலையும் முதலில் துகளுக்காகப் பார்த்துவிட்டு, பிறகு துடைத்துவிடுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரைவிட, காகிதமும் இரு முனைகளும் உறுதியாக இருக்கின்றனவா, ஓ-ரிங் கூடவே வருகிறதா என்று பாருங்கள். காகிதம் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ கப்பில் உள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பிவிடும். ஆயில் மாற்றும் இடைவெளியை இழுத்துக்கொண்டே போகக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இந்த இன்ஜின்களைத் திரும்பக் கட்டுகிறவர்கள் பலர் 5,000 மைல் அல்லது 6 மாதம் என்கிறார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. அப்புறம், 996 டர்போ, ஜிடி3 இரண்டிலும் இருப்பது வேறு குடும்ப இன்ஜின், ‘996-க்கு’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

பழைய ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்குக்குப் புது வாஷர், 50 நியூட்டன் மீட்டர். சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) அலுமினியம் என்பதால் மரை எளிதில் போய்விடும், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இல்லாமல் தொடவேண்டாம். இன்ஜின் 8 லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும் என்பதால் தாராளமாக ஊற்றத் தோன்றும், ஆனால் அளவு மிஞ்சினால் ஏர்-ஆயில் செபரேட்டர் (இன்ஜின் வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) வழியாக ஆயில் காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய்ப் புகை கிளம்பும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, கப்பையும் பிளக்கையும் பார்த்தபடியே சிறிது நேரம் ஓடவிட்டு, சமதரையில் கையேடு சொல்கிற முறையில் அளந்து, மீதியைச் சேருங்கள். மறுநாள் ஓட்டி வந்ததும் அடியில் ஒருமுறை கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.