விடியக்காலைல ஸ்பிரிங் டிரெய்னிங் பாக்கிறவங்களுக்கு: பேஸ்பால்ல பந்து எறியிற இளம் பிட்சர எப்படி எடை போடறது

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளந்தவங்களுக்கு இருட்டோட எழுந்திரிக்கிறது புதுசு இல்ல, அந்த நேரத்துலதான் அமெரிக்காவுல ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது பேஸ்பால் சீசனுக்கு முன்னாடி ஆடுற பயிற்சி ஆட்டமும் நடக்குது. பெரிய லீக்கான எம்எல்பியோட 30 டீம்ல 15 அரிசோனாவுல, 15 ஃபுளோரிடாவுல. அரிசோனாவுல மத்தியானம் 1.05க்கு ஆரம்பிச்சா இங்க மலேசியாவுல மறுநாள் காலைல 4.05. ஃபுளோரிடா ஆட்டம்னா 2.05, மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கெழமைல இருந்து 1.05 ஆயிரும், ஏன்னா அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளுவாங்க, அரிசோனாவுல தள்ள மாட்டாங்க. வேலைக்குப் போறவங்க அரிசோனாவ புடிச்சுக்கங்க.

ஆனா நாலு மணிக்கே எழுந்திரிக்க வேணாம். மொதல்ல வர்றதெல்லாம் பெரிய ஆளுங்க, மைனர் லீக் (பெரிய லீக்குக்குக் கீழ உள்ள படி) பசங்க பெரும்பாலும் அஞ்சாவது, ஆறாவது இன்னிங்ஸுக்கு மேலதான் வருவாங்க, அதாவது அப்பா பெரட்டுக்கு (தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கிறது) பூட்ஸ் மாட்டுற நேரம். முதுகுல 80, 90ன்னு பெரிய நம்பர் இருந்தா அனேகமா அந்தப் பசங்கதான்.

இப்ப முக்கியமான விசயம், ரன் கணக்க நம்பாதீங்க. நான் ஒரு வருசம் ஒரு பையன் மார்ச் முழுக்க ஒரு ரன்னும் விடலன்னு துள்ளிக்கிட்டு இருந்தேன், திடீர்னு அவன மைனர் கேம்ப்புக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டு நாளா மனசே ஆறல. அப்புறம்தான் புரிஞ்சிச்சு, அவன் பந்து போட்ட நேரத்துல எதிர்ல பேட் புடிச்சதும் இவன மாதிரி சின்னப் பசங்கதான், பெரிய பேட்டர்லாம் அதுக்குள்ள குளிச்சிட்டு கெளம்பிட்டாங்க. அனுப்புனதும் தண்டனை இல்லைங்க. மார்ச் நடுவுல பெரிய பிட்சருங்களே நாலஞ்சு இன்னிங்ஸ் போட ஆரம்பிச்சிருவாங்க, சின்னவனுக்கு இடம் கெடைக்காது, மைனர் கேம்ப்ல பின்னாடி மைதானத்துல தெனம் ஆட்டம் நடக்கும், கையும் நல்லா பழகும்.

அப்ப எத பாக்கிறது? வேகம் பாருங்க, 95 மைல்னா 153 கிலோமீட்டர், ஆனா மொத பந்துல வந்த வேகம் அவன் போடுற ரெண்டாவது இன்னிங்ஸ்லயும் நிக்குதான்னுதான் பாக்கணும். எம்எல்பி ஆப்ல பந்துக்குப் பந்து என்ன வகை, எவ்வளவு வேகம்னு வரும், சில ஆட்டத்துக்கு வராது.

வேகத்த விட நான் சேஞ்ச்அப்ப, அதாவது வேகமா வர்ற மாதிரி காட்டி மெதுவாப் போடுற பந்தத்தான் கூர்ந்து பாப்பேன். என் சித்தப்பா மவன் ஸ்கூல்ல சோஃப்ட்பால் ஆடுறவன், அவன் கையில ஒரு பேஸ்பால குடுத்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பந்துக்குப் பக்கவாட்டுல வட்டமா சேத்து வைக்கச் சொன்னேன், மத்த மூணு விரல்தான் பந்து மேல. இழுத்து எறிஞ்சான், பந்து அவன் நெனச்சத விட மெதுவாப் போச்சு. கை வீச்சு அதே வேகம், பந்து மட்டும் எட்டு, பத்து மைல் கொறைவு, பேட்டர் ஏமாறுறது அங்கதான். சேஞ்ச்அப் போடும்போது கை தயங்குதுன்னா பையன் இன்னும் பழகலன்னு அர்த்தம். ஆனா அந்தப் பந்துல அடி வாங்குனா உடனே கழிச்சிராதீங்க, அத பழகத்தான் கோச் அவன போடச் சொல்லியிருப்பாரு. அரிசோனா காத்து காஞ்ச காத்து, அங்க கர்வ்பால் வழக்கமா வளையிற அளவுக்கு வளையாது, அதையும் கழிச்சுப் பாக்கணும்.

வேகம் திடீர்னு நாலஞ்சு மைல் எறங்கி, பையன் முழங்கைய உதறுனா எனக்கு வயித்துல புளி கரைக்கும். முழங்கை தசைநார் கிழிஞ்சா அத மாத்தி வைக்கிற டாமி ஜான் ஆபரேஷன்தான், 1974ல மொத மொதலா டாக்டர் ஃபிராங்க் ஜோப் பண்ணது, திரும்பி வர 12லேர்ந்து 18 மாசம் புடிக்கும்.

பொறுமை வேணும். 2008ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இந்தியாவுலேர்ந்து ஈட்டி எறிஞ்ச ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ரெண்டு பேரையும் சேத்தாங்க, பேஸ்பாலே ஆடாத பசங்க, ரிங்கு சிங் மைனர் லீக்ல சிங்கிள்-ஏங்கிற படி வரைக்கும் ஏறுனாரு. அதுக்கு மேல ஹை-ஏ, டபிள்-ஏ, ட்ரிபிள்-ஏன்னு இன்னும் மூணு படி, அதுக்கப்புறம்தான் பெரிய லீக்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும், பேரு, வேகம், எத்தன வாக் (நாலு தப்பான பந்து போட்டு பேட்டர சும்மா மொத பேஸுக்கு விடுறது), சேஞ்ச்அப் எப்படின்னு ஒரு வரி எழுதி வைங்க. ஏப்ரல்ல அதே பேர மைனர் லீக்ல தேடுங்க, கெழக்குப் பக்க ஊர்ல ராத்திரி 7 மணி ஆட்டம்னா நமக்கு காலைல 7 மணி, பசியாறிக்கிட்டே பாக்கலாம்.