என்ஜின் கம்ப்யூட்டரில் சிப் சாக்கெட் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992 முதல் 1995 வரை வந்த சில ஹோண்டா சிவிக் கார்களில் பி28 என்ற என்ஜின் கம்ப்யூட்டர் உண்டு. அதைத் திறந்தால் போர்டில் ஓரிடம் காலியாகக் கிடக்கும்: 28 துளைகள், பக்கத்தில் இன்னும் 20, எல்லாவற்றிலும் ஈயம் அடைத்திருக்கும். அங்கே சிப்பைச் செருகும் சாக்கெட் வைத்து, எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் நாமே எழுதிய சிப்பை ஏற்றலாம். ஏற்றிய பிறகு கார் கிளம்பாவிட்டால் எல்லோரும் முதலில் புரோகிராமைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி இணைக்கும் வேலை.

துளைகளில் உள்ள பழைய ஈயத்தை அவசரமாக எடுப்பதில்தான் பல போர்டுகள் பாழாகின்றன. போர்டின் மேல் ஈரம் புகாமலிருக்க ஒரு பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் சால்டரிங் அயர்னை வைத்தால் ஈயம் இளகாது. இளகவில்லையே என்று அழுத்துவோம். அடியில் இருக்கும் செம்பு வளையம் உரிந்து வந்துவிடும். என் முதல் போர்டில் 14ஆம் துளையை அப்படித்தான் இழந்தேன். அது தரை இணைப்பு. அகன்ற செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடுகிறது. பழைய ஈயத்தோடு கொஞ்சம் புது ஈயமும், ஈயம் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸும் சேர்த்து இளக்கி, பிறகு பம்பால் உறிஞ்சினால் பாதிச் சண்டை மிச்சம்.

20 துளைகள் 74எச்சி373 என்ற சிப்புக்கானவை. சாக்கெட் மட்டும் போதும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிராசஸர், படிக்க வேண்டிய நினைவக முகவரியின் கீழ்ப் பகுதியையும் தரவையும் ஒரே 8 கால்கள் வழியாக அனுப்புகிறது. முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்தச் சிப் இல்லையென்றால் ஒன்றும் படிக்க முடியாது. இன்னொன்று, ஜே1 என்று குறித்த இடத்தில் ஒரு சிறு கம்பித் துண்டு. அது இல்லாவிட்டால் பிராசஸர் தன் உள்ளேயுள்ள பழைய புரோகிராமையே ஓட்டும். கார் நன்றாகவே ஓடும். "சிப் போட்டதும் இழுவை கூடிவிட்டது" என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் வண்டியில் ஜே1 கம்பியே இல்லை.

சிப்பைத் தலைகீழாகச் செருகுவது மன்னிக்கப்படாத தவறு. தரையான 14ஆம் காலும் மின்சாரம் வரும் 28ஆம் காலும் குறுக்கெதிராக இருப்பதால், திருப்பிப் போட்டால் மின்சாரம் சரியாக எதிர்த்திசையில் பாயும். சிப் கொதிக்கும், பெரும்பாலும் சாகும். ஒரு முனையில் உள்ள அரைவட்டப் பள்ளத்தைப் போர்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாவி அணைந்திருக்கும்போதுதான் சிப்பை மாற்ற வேண்டும்.

சாக்கெட்டில் செருகும் 64 கிலோபைட் கொள்ளும் 27எஸ்எஃப்512 சிப்பில் 32 கிலோபைட் புரோகிராம் கோப்பை எழுதும்போது அதை மேல் பாதியில், அதாவது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 8000 தொடங்கி, வைக்க வேண்டும். சாக்கெட்டின் முதல் கால் எப்போதும் 5 வோல்ட்டில் இருப்பதால் பிராசஸருக்கு மேல் பாதி மட்டுமே தெரியும். கீழ்ப் பாதியில் எழுதியவர்களுக்குக் கிடைப்பது வெறும் காலியிடம்.

எல்லாம் சரியா என்று அறிய எளிய வழி: சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு ஏறக்குறைய 2 விநாடி எரிந்து அணைய வேண்டும், அதே நேரம் பெட்ரோல் பம்ப் ஒலிக்கும். விளக்கு அணையவே இல்லையென்றால் சிப் படிக்கப்படவில்லை. பூதக்கண்ணாடியோடு மறுபடி போர்டுக்குப் போங்கள்.

கடைசியாக, வேறொருவர் வண்டிக்கு எழுதிய கோப்பை அப்படியே ஏற்றுவது. பெரிய இன்ஜெக்டருக்கு (பெட்ரோல் தெளிக்கும் முனை) எழுதிய புரோகிராம் அவற்றைக் குறைந்த நேரமே திறக்கும். உங்கள் சிறிய இன்ஜெக்டரில் அது பெட்ரோல் பஞ்சமாகும். முழு விசையில் என்ஜின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் உருகவும் கூடும். காரோடு வரும் ஆக்சிஜன் சென்சார், காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதனால் விகிதத்தை அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சார் பொருத்தாமல் புரோகிராமின் எரிபொருள் அட்டவணையில் கைவைக்காதீர்கள். இந்த வேலைக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். காரோடு வந்தது அப்படியே இருக்கட்டும். புகைச் சோதனைக்குப் போகும்போது அதுதான் தேவைப்படும்.