லைப்போ பேட்டரி: சார்ஜ் போடும் மேஜையில் நடக்கும் தவறுகள்

மின்சார மாதிரி விமானம் விடப் பழகுபவர்களுக்கு விமானம் எங்கே போய் விழுமோ என்ற கவலைதான் பெரிதாக இருக்கும். அதில் இருக்கும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடிப்பதோ பெரும்பாலும் சார்ஜ் ஏறும்போது, இல்லையென்றால் அடிபட்ட பிறகு. முதல் வகையைத் தவிர்ப்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

மிக மோசமான தவறு, சார்ஜரில் பேட்டரி வகையை மாற்றி வைப்பது. பல சார்ஜர்கள் நிக்கல், லித்தியம் இரண்டுக்கும் பொதுவானவை. நிக்கல் பேட்டரி நிரம்பியதும் அதன் வோல்டேஜ் லேசாக இறங்கும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிற்கும். லைப்போவில் அந்த இறக்கம் வராது. அதனால் நிக்கல் அமைப்பில் போட்டால், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் நிரம்பிய அளவான 4.2 வோல்ட்டைத் தாண்டியும் சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் திரையைப் படித்த பிறகே பட்டனை அழுத்துங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சார்ஜருக்குத் தனித்தனியாகக் காட்டும் பேலன்ஸ் வயரைச் செருகாமல் விடுவது. மூன்று செல் பேட்டரி நிரம்பினால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டு செல் 4.15லும் ஒன்று 4.30லும் இருந்தாலும் கூட்டினால் அதே 12.6தான். மொத்தத்தை மட்டும் பார்க்கிற சார்ஜருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். அந்த மூன்றாவது செல்லோ உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருக்கும். சின்ன வெள்ளை பிளக்தானே என்று சோம்பல்படக் கூடாது.

எத்தனை ஆம்பியரில் ஏற்றுவது? கொள்ளளவை அப்படியே ஆம்பியராக்கினால் போதும்: 2200 மில்லி ஆம்பியர் மணி என்றால் 2.2 ஆம்பியர். இறங்கிய கையோடு சூடான பேட்டரியைச் செருகாமல் ஆறவிடுங்கள். கட்டில் மேல் வைத்து ஏற்றுவது, போட்டுவிட்டுத் தூங்கப் போவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பறக்கலாம் என்று முழுதாக ஏற்றி வைப்போம், மழை வந்துவிடும், பேட்டரி அப்படியே வாரக்கணக்கில் கிடக்கும். பேட்டரி உப்புவதற்கு இது முக்கியமான காரணம். பூட்டிய காரில் மே மாத வெயிலில் விட்டால் கேட்கவே வேண்டாம். பறக்கவில்லை என்று தெரிந்ததும் சார்ஜரின் ஸ்டோரேஜ் அமைப்பில் போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பறந்து முடித்து பேட்டரியைக் கழற்றாமல் விட்டால், விமானத்துக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரே ராத்திரி முழுக்க உறிஞ்சி அதைக் காலி செய்துவிடும். செல் 3 வோல்ட்டுக்கு வெகு கீழே போனால் சார்ஜர் ஏற்க மறுக்கும். அப்போது 'நிக்கல் அமைப்பில் கொஞ்சம் ஏற்றி எழுப்பலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த அளவுக்கு வடிந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்து, திரும்ப ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகலாம். வானத்திலும் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து இறங்குவது நல்ல பழக்கம்.

விழுந்த விமானத்தின் பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே பைக்குள் வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக்கூடப் புகை வரலாம். அரை மணி நேரமாவது வெட்டவெளியில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியாக வைத்துப் பாருங்கள்.

உப்பிய பேட்டரியைக் குத்திக் காற்றை எடுக்கவே கூடாது. அதற்குள் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஆவி. மூன்று செல் என்றால், வெளியே வைத்து, 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை மாட்டி முழுக்க அணையும்வரை எரியவிட்டு, பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கனெக்டரை வெட்டி எடுக்க வேண்டுமானால் சிவப்பு வயரை முதலில் வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டு, அப்புறம் கறுப்பைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோல் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.