இலுமினாட்டி, டாரட், சக்கரா: மேற்கத்திய மறைஞானம் பத்தி பேசுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் யூடியூப்ல இலுமினாட்டினு தேடினா முடிவே இல்லாம வீடியோ வரும். ஒரு டாலர் நோட்டு, அதுல பிரமிடு, மேல ஒத்தக் கண்ணு, உடனே உலகத்தையே யாரோ ஆட்டி வைக்கிறாங்கன்னு முடிச்சிடுவாங்க. இன்னொரு பக்கம், இதெல்லாம் சுத்தப் பேத்தல், படிச்சவங்க பேசுற விஷயமே இல்லனு ஒதுக்கிடுறவங்க இருக்காங்க. ரெண்டுமே தப்புதான். ரசவாதம் (ஈயத்த தங்கமாக்குற முயற்சி), ஆவிகளோட பேசுறது, ரகசிய சங்கம்னு ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஓடுன இந்த யோசனைகளுக்கு நிஜமான வரலாறு இருக்கு, ஆள் பேர், தேதி, கடிதம் எல்லாமே கிடைக்குது, அத பார்க்காமலே பேசுறதுதான் எனக்கு வருத்தமா இருக்கு.

டாலர் நோட்டையே எடுத்துக்குவோம். இன்னைக்கு ஜெர்மனியில இருக்கிற பவேரியாவுல ஆடம் வைஸ்ஹாப்ட்னு ஒரு பேராசிரியர் 1776ல இலுமினாட்டிங்கிற ரகசிய சங்கத்த ஆரம்பிச்சது உண்மை. ஆனா 1784, 85லயே அந்த ஊர் அரசு தடை போட்டு சங்கம் கலைஞ்சிடுச்சு. பிரமிடுக்கு அடியில ரோமன் எழுத்துல இருக்கிற 1776, அமெரிக்கா சுதந்திரம் அறிவிச்ச வருஷம். முக்கோணத்துக்குள்ள கண்ணு வரையுறது கடவுள் பார்த்துட்டு இருக்கார்னு காட்டுற பழைய கிறிஸ்தவ அடையாளம், ஐரோப்பாவுல நிறைய சர்ச்சுல பார்க்கலாம். இந்தப் படம் அமெரிக்காவோட அரசு முத்திரையா 1782லயே ஓகே ஆயிடுச்சு, நோட்டுல ஏறினது 1935லதான். அத வெளிய கொண்டு வரலாம்னு பேச்ச எடுத்தவர் அப்போ விவசாய அமைச்சரா இருந்த ஹென்றி வாலஸ். அவருக்கு தியோசபி (எல்லா மதத்துக்கும் பின்னாடி ஒரே மறைஞானம் இருக்குன்னு சொல்ற இயக்கம்), ஜோசியம் எல்லாத்துலயும் நிஜமாவே ஈடுபாடு, நிக்கோலஸ் ரோரிக்ங்கிற ரஷ்ய ஓவியர குருவேனு கூப்பிட்டு கடிதம் எழுதினவரு, பின்னாடி துணை ஜனாதிபதியும் ஆனாரு. ஆக, தொடர்பு இருக்கத்தான் செய்யுது, ஆனா அது ஒரு மனுஷனோட ஆர்வம், பேர் தெரிஞ்ச கதை, உலக சதி கிடையாது.

அடுத்து, ஒரு விஷயம் ரொம்ப பழசுன்னு அவங்களே சொல்லிக்கிறத அப்படியே நம்புறது. இதுல டாரட் மாதிரி உதாரணம் வேற கிடைக்காது. டாரட்ங்கிறது குறி சொல்ல வச்சிருக்கிற படச் சீட்டுக் கட்டு. அது எகிப்துல பூசாரிங்க ஒளிச்சு வச்ச ஞானம்னு இன்னைக்கும் ரீல்ஸ்ல சொல்றாங்க, ஆனா 1440கள்ல இத்தாலியில பணக்கார வீடுகள்ல அது ஒரு சீட்டாட்டம், அவ்வளவுதான். சாதா சீட்டோட துருப்புச் சீட்டெல்லாம் சேர்ந்து மொத்தம் 78, பிரான்ஸ்ல இப்பவும் அந்த ஆட்டம் ஆடுறாங்க. எகிப்து கதைய கிளப்பினது பிரான்ஸ்ல கூர் த ஜெப்லான்னு ஒருத்தர், 1781ல. எகிப்திய சித்திர எழுத்த ஷாம்போலியன் படிச்சு காட்டினதே 1822லதான், அப்போ 1781ல எகிப்து என்ன சொல்லுச்சுன்னு யாருக்குமே தெரிய வழியில்ல! இன்னைக்கு எல்லாரும் கையில வச்சிருக்கிற படங்கள் 1909ல லண்டன்ல பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது, அவங்களுக்கு கிடைச்ச காசும் ரொம்ப கம்மி. கட்டுக்கு பேர் வச்சப்போ பதிப்பாளர் பேரும் ஐடியா குடுத்த எழுத்தாளர் வெய்ட்டோட பேரும்தான் நின்னுச்சு. சீட்டோட கீழ் மூலையில உத்துப் பாருங்க, கொடி மாதிரி சுருண்ட ஒரு சின்ன கையெழுத்து இருக்கும், அது அவங்களோடது. டாரட் பத்தி பேசுறவங்க எகிப்த விட்டுட்டு இந்தப் பொண்ணு பேர சொல்லலாம்.

அறிவியல் ஒரு பக்கம், மாந்திரீகம் ஒரு பக்கம்னு சுவர் கட்டுறதும் வேண்டாம். நியூட்டன் ரசவாதம் பத்தி மட்டும் சுமார் 10 லட்சம் வார்த்தை எழுதி வச்சிருக்காரு, அவர் இறந்ததும் அச்சிடத் தகுதியில்லனு குறிச்சு ஓரங்கட்டின தாள்களெல்லாம் 1936ல ஏலத்துக்கு வந்துச்சு, பொருளாதார நிபுணர் கெயின்ஸ் நிறைய வாங்கி காப்பாத்தினாரு. அதுக்காக புவியீர்ப்பு மந்திரத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லிடாதீங்க, அது இன்னொரு தப்பு.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது ஓவியம். காண்டின்ஸ்கி, மோன்ட்ரியான் எல்லாம் அரூப ஓவியம் (பார்த்த உருவத்த வரையாம நிறமும் கோடும் மட்டும் வச்சு வரையுறது) தொடங்கினவங்கனு படிக்கிறோம், ஆனா அவங்க தியோசபி படிச்சவங்கங்கிறத நாசூக்கா விட்டுடுறாங்க. மோன்ட்ரியான் 1909ல தியோசபி சங்கத்துல மெம்பராவே சேர்ந்தாரு. அந்த சங்கம் 1875ல நியூயார்க்ல தொடங்கினாலும் தலைமையகம் 1882ல இருந்து நம்ம சென்னை அடையாறுதான். அந்த சங்கத்த சேர்ந்த அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் 1905ல ஒரு புஸ்தகம் போட்டாங்க, கோவம், பக்தி, பயம் ஒவ்வொண்ணுக்கும் உருவமும் நிறமும் குடுத்து. அதுல ஒரு படத்துல கீழ குட்டியா ஒரு சர்ச், உள்ள ஆர்கன்ல வாக்னர் இசை, கூரைக்கு மேல மலை மலையா கலர் பொங்கி நிக்குது. கண்ணுக்குத் தெரியாதத வரையலாம்ங்கிற தைரியம் அந்தக் காலத்துக்கு இப்படித்தான் வந்துச்சு. ஸ்வீடன்ல ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906லயே, ஆவி உலகத்துல இருந்து கட்டளை வந்துச்சுன்னு நம்பி, அரூப ஓவியம் ஆரம்பிச்சாங்க, 1907ல மூணு மீட்டருக்கு மேல உயரமா பத்து படம். 2012ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் அரூப ஓவியம் பிறந்த கதைய பெரிய கண்காட்சியா வச்சப்போ இவங்க படம் ஒண்ணு கூட இல்ல. ஆவி நம்பிக்கை பிடிக்கலங்கிறதுக்காக ஒருத்தரோட வேலையவே வரலாற்றுல இருந்து தூக்கிட முடியுமா?

நாஜிகள் முழுக்க மாந்திரீகவாதிகள்ங்கிற கதையையும் அளவோட எடுத்துக்கோங்க. நாஜி படைத் தலைவர் ஹிம்லருக்கு அந்தப் பைத்தியம் இருந்தது நிஜம், ஆனா அதே ஆட்சி தியோசபி சங்கத்த தடை பண்ணுச்சு, 1941ல ஹிட்லருக்கு துணையா இருந்த ஹெஸ் ஸ்காட்லாந்துக்கு பறந்ததும், ஜோசியம்தான் அவர கெடுத்துச்சுன்னு சொல்லி ஜோசியக்காரங்கள கூட்டமா அள்ளிட்டுப் போனாங்க.

கடைசியா, கிழக்குல இருந்து போனது அப்படியே மாறாம திரும்பி வந்திருக்குன்னு நினைக்கிறது. யோகா கிளாஸ் செவத்துல ஏழு சக்கரத்துக்கும் வானவில் நிறம் போட்ட சார்ட் மாட்டியிருப்பாங்களே, அந்த நிற வரிசை 20ஆம் நூற்றாண்டுல மேற்கத்தியவங்க சேர்த்தது. 16ஆம் நூற்றாண்டுல பூர்ணானந்தர் எழுதின சமஸ்கிருத நூல்ல முதல் சக்கரமான மூலாதாரத்துல இருக்கிற நிலத்தோட சதுரம் மஞ்சள், மூணாவதான மணிபூரகத்துல அக்னி முக்கோணம் சிவப்பு. சார்ட்ல தலைகீழா முதல்ல சிவப்பு, மூணாவதா மஞ்சள். பிடிச்சா மாட்டிக்கோங்க, ஆனா கீழ சித்தர்கள் அருளியதுனு எழுதாதீங்க.