இரட்டைப் பிணைப்பு எத்தனை? வரையும் முன்பே கணக்குப் போடலாம்

ஒரு கார்பன் சேர்மத்தின் மூலக்கூறு வாய்பாட்டை (எந்த அணு எத்தனை என்பதை) கொடுத்து அமைப்பை வரையச் சொன்னால், முதலில் கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டுங்கள். அதில் ஹைட்ரஜன் எண்ணிக்கையைக் கழித்துப் பாதியாக்குங்கள். வருவதுதான் இரட்டைப் பிணைப்புகளும் வளையங்களும் சேர்ந்த மொத்தம். முப்பிணைப்பு ஒன்றுக்கு 2 கணக்கு.

பென்சீனில் 6 கார்பன், 6 ஹைட்ரஜன். 14-இல் 6 போனால் 8, பாதி 4. மூன்று இரட்டைப் பிணைப்பு, ஒரு வளையம். சரிதானே?

ஏன் இப்படி? கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள்தான். எட்டாக்க அது நான்கு சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பகிரும் பிணைப்பு, அதாவது நான்கு கை) போட்டாக வேண்டும். ஒற்றைப் பிணைப்புச் சங்கிலியில் கார்பனுக்கு 2 ஹைட்ரஜன், இரு முனையிலும் கூடுதலாக ஒவ்வொன்று. கார்பன்கள் தங்களுக்குள் இன்னொரு கை கோத்துக்கொண்டால் 2 ஹைட்ரஜனுக்கு இடம் போய்விடும்.

ஆக்சிஜனை விட்டுவிடலாம்; இரண்டு கைதான், நடுவில் நுழைந்துகொள்ளும். குளோரின், புரோமினை ஹைட்ரஜனாகவே எண்ணுங்கள். அப்புறம், நைட்ரஜன் ஒவ்வொன்றுக்கும் கழிக்கும் முன் 1 கூட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வளையமா இரட்டைப் பிணைப்பா என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது: 3 கார்பன், 6 ஹைட்ரஜன் என்றால் புரப்பீனாகவும் இருக்கலாம், வளைய புரப்பேனாகவும் இருக்கலாம். மின்சுமை உள்ள அயனிகளுக்கும், இரண்டுக்கு மேல் பிணைப்பு போட்ட கந்தகத்துக்கும் இதை நம்பாதீர்கள்.