வாஷிங்டன் தலையை அளந்து பார்ப்பது எப்படி? பழைய அமெரிக்க ஸ்டாம்ப் சேகரிப்பில் முதல் படிகள்

பழைய அமெரிக்க ஸ்டாம்ப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தலைகீழ் விமானம்தான். 1918 மே 14 அன்று வாஷிங்டன் நகரத்து அஞ்சலகம் ஒன்றில் வில்லியம் ராபி என்பவர் 24 டாலர் கொடுத்து 100 ஸ்டாம்ப் கொண்ட தாள் ஒன்றை வாங்கினார். நூறிலும் விமானம் தலைகீழாக அச்சாகியிருந்தது. அவற்றில் ஒன்றே ஒன்று 2023இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அருமையான கதைதான், ஆனால் அந்த ஸ்டாம்ப் ஒருநாள் நம் கைக்கு வரும் என்று காத்திருக்க முடியாது.

அதே காலத்தில் இன்னொரு வரிசை வந்தது. 1908 முதல் 1922 வரை அச்சான வாஷிங்டன், பிராங்ளின் தலைகள். கோடிக்கணக்கில் அச்சடித்துக் கடிதங்களில் ஒட்டியவை. இன்றும் பழைய ஆல்பங்களிலும் கலவைப் பொட்டலங்களிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றில் சில்லறைக் காசு பெறும் ஸ்டாம்பும் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் ஸ்டாம்பும் ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை எண்ணோடு இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, அளந்துதான் பிரிக்க வேண்டும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த வரிசையையே சொல்கிறேன். இங்கே பணத்தைவிடப் பொறுமைக்குத்தான் மதிப்பு.

படி 1: கருவிகள்

முனை தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்டாம்பின் விளிம்புத் துளைகளை அளக்கும் அட்டை, அரை மில்லிமீட்டர் வரை தெளிவாகக் காட்டும் அளவுகோல், ஒரு சிறிய கறுப்புத் தட்டு, நீர்க்குறி (தாளுக்குள்ளேயே மறைந்திருக்கும் அடையாளம்) பார்க்கும் திரவம். இவை போதும். ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் எண் கொடுத்துப் பட்டியலிடும் ஸ்காட் கேட்லாக்கின் அமெரிக்கப் பகுதி பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. விலைதான் மாறியிருக்கும், எண்களும் அளவுகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

படி 2: மலிவானதை நிறைய வாங்குங்கள்

1 சென்ட் பச்சை, 2 சென்ட் சிவப்பு, 3 சென்ட் ஊதா. முத்திரை விழுந்த, விலை குறைந்த இந்த ஸ்டாம்புகளை நூறு நூறாக வாங்குங்கள். உறைத் துண்டோடு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் தானாகக் கழன்றுவிடும், பிய்க்கக் கூடாது. நிறத்தாள் உறையில் ஒட்டியதைத் தனியாக ஊறப்போடுங்கள், இல்லையென்றால் சாயம் மற்றவற்றிலும் ஏறும். மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் வைத்தால் சுருங்காமல் காயும். முத்திரை விழாத, கோந்தோடு இருக்கும் ஸ்டாம்பைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

படி 3: பல் எண்ணுதல்

துளை எண் என்பது 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதுதான். முதலில் 12 என்று துளையிட்டார்கள். துளைகள் நெருக்கமாக இருந்ததால் தாள்கள் கையாளும்போதே பிரிந்துபோயின. 1914இல் 10 ஆக்கினார்கள். இப்போது கிழிக்கவே கஷ்டமாகிவிட்டது. 1917இல் 11க்கு வந்து நின்றார்கள். இந்தத் தடுமாற்றம்தான் நமக்கு ஆண்டுக் கணக்கு. அட்டையின் மேல் ஸ்டாம்பை வைத்து மேல் விளிம்பை முதலில் அளங்கள், அப்புறம் பக்க விளிம்பை. இரண்டும் வேறாக இருக்கலாம். 11×10 என்று கேட்லாக் சொன்னால் மேலே 11, பக்கத்தில் 10.

படி 4: நீர்க்குறி

இந்த வரிசையின் தொடக்கத்தில் தாளில் இரட்டைக் கோட்டு எழுத்துகளாக யுஎஸ்பிஎஸ் என்ற நீர்க்குறி இருந்தது. 1910இல் அது ஒற்றைக் கோடானது, 1916இல் நீர்க்குறியையே விட்டுவிட்டார்கள். ஸ்டாம்பைக் கறுப்புத் தட்டில் குப்புற வைத்து இரண்டு துளி திரவம் விடுங்கள். சில வினாடிகள் எழுத்து கருமையாகத் தெரியும். முழு எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வளைவோ, ஒரு கால் துண்டோதான் பல நேரம் கிடைக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் உடனே ‘நீர்க்குறி இல்லை’ என்று எழுதிவிடாமல், காயவிட்டு மறுபடி பாருங்கள். திரவம் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

படி 5: எந்த அச்சு இயந்திரம்?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

தட்டையான உலோகத் தகட்டில் அச்சானது ஒரு வகை. தகட்டை வளைத்து உருளையில் மாட்டி அச்சடித்தது இன்னொரு வகை, அதுதான் ரோட்டரி. தட்டையாகச் செதுக்கிய தகட்டை வளைக்கும்போது படம் வளைந்த திசையில் கொஞ்சம் நீளும். தட்டை அச்சில் படம் சுமார் 18½–19 மி.மீ. அகலம், 22 மி.மீ. உயரம். ரோட்டரியில் ஒன்று அகலம் 19½–20 ஆகும், இல்லையென்றால் உயரம் 22½ ஆகும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

1 சென்ட் பச்சை வாஷிங்டனை எடுத்துக்கொள்வோம். நீர்க்குறி இல்லை, துளை 11. இதே விவரத்தோடு தட்டை அச்சில் வந்தது ஸ்காட் 498. கைநிறைய அள்ளலாம். ஆனால் ரோட்டரி இயந்திரத்தில் மிஞ்சிய தாள்களை வீணாக்காமல், தட்டைத் தாள்களுக்கான 11 துளை இயந்திரத்தில் கொடுத்துத் துளையிட்டார்கள். அப்படிப் பிறந்தது ஸ்காட் 544. அகலம் 19, உயரம் 22½. இந்த வரிசையின் பெரும் அரிதுகளில் ஒன்று.

அளவுகோலை மட்டும் நம்பினால் கண் ஏமாற்றும். கிழிந்த 498 ஒன்றை எடுத்து, படத்தின் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒட்டி நேராக வெட்டிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் ஸ்டாம்பின் மேல் அதை வைத்து மேல் கோடுகளைச் சேர்த்துப் பிடியுங்கள். கீழே ஒரு மெல்லிய பச்சைக் கோடு எட்டிப்பார்த்தால் அது ரோட்டரி. அகலத்துக்கும் இதேபோல இன்னொன்று செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். தட்டை அச்சுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் பின்னால் மைப் பொட்டுகள் ஒட்டியிருப்பது உண்டு.

மூன்றாவதாக ஆஃப்செட், அதாவது மையை ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மாற்றும் அச்சு. முதல் உலகப்போர்க் காலத்தில் கிடைத்த மை தரம் குறைந்தது, அது தகடுகளைச் சீக்கிரம் தேய்த்தது. அதனால் 1918 முதல் 1920 வரை சில ஸ்டாம்புகளை ஆஃப்செட்டில் அடித்தார்கள். செதுக்கு அச்சில் (மேலே சொன்ன தட்டை, ரோட்டரி இரண்டும் இதுதான்) மை மேடாக நிற்கும், ஆஃப்செட்டில் வழுவழு. முத்திரை விழுந்த மலிவான ஸ்டாம்ப் ஒன்றின் மேல் மெல்லிய அலுமினியத் தாளை வைத்து விரலால் தேயுங்கள். செதுக்கு அச்சாக இருந்தால் கோடுகள் தாளில் பதியும். ஆஃப்செட்டில் ஒன்றும் பதியாது.

படி 6: காயில் (சுருள் ஸ்டாம்ப்) வாங்கும் முன்

இயந்திரத்தில் போட்டு விற்க ஸ்டாம்புகளைச் சுருளாகவும் செய்தார்கள். சுருள் ஸ்டாம்பில் எதிரெதிரான இரண்டு விளிம்புகளில் துளை இருக்காது. போலிகள் அதிகம் நடமாடும் இடம் இது. சாதாரணத் தாள் ஸ்டாம்பின் இரண்டு பக்கப் பற்களைக் கத்தரித்தால் ‘காயில்’ தயார். துளையே இல்லாத ஸ்டாம்புக்கு இரண்டு பக்கம் துளை போட்டாலும் அதேதான்.

நானும் இதில் பணம் இழந்திருக்கிறேன். 1910ஆம் ஆண்டின் 2 சென்ட் காயில், 12 துளை, மேலும் கீழும் நேர்விளிம்பு. மிக அரிதானது. ஒற்றை ஸ்டாம்பாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து, சந்தேகமில்லாத சாதாரணக் காயில் ஒன்றின் பக்கத்தில் வைத்தபோது உயரம் குறைவு. கீழ் விளிம்பு லேசாகச் சாய்ந்தும் இருந்தது. வெட்டிய தாள் ஸ்டாம்ப். அன்றிலிருந்து விலை உயர்ந்த காயில் என்றால் இணைப்பு விடாத ஜோடியாக மட்டுமே பார்க்கிறேன். மலிவான நிஜக் காயில் ஒன்றையும் எப்போதும் கையில் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

1911இன் 3 சென்ட் ஆரஞ்சுபர்க் காயிலையும் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சுபர்க்கில் இருந்த பெல் மருந்து நிறுவனம் அஞ்சல் அனுப்பப் பயன்படுத்தியது. அதனால்தான் அந்தப் பெயர். இதைச் சான்றிதழ் இல்லாமல் யார் நீட்டினாலும் தொட வேண்டாம்.

கண்ணாலேயே பிடிக்கக்கூடிய அரிதும் ஒன்று உண்டு. 1917இல் 2 சென்ட் தகடு ஒன்றைச் சரிசெய்தபோது மூன்று இடங்களில் தவறுதலாக 5 சென்ட் படத்தைப் பதித்துவிட்டார்கள். 5 சென்ட் ஸ்டாம்பின் வழக்கமான நிறம் நீலம், இது சிவப்பு. சுற்றிலும் 2 சென்ட் ஸ்டாம்புகள் ஒட்டிய தொகுதியாகக் கிடைத்தால் பார்க்கவே அழகு. கொஞ்ச நாள் சேமித்தால் எட்டக்கூடிய விலைதான்.

படி 7: பாதுகாப்பும் சான்றும்

பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் ஸ்டாம்பைக் கெடுத்துவிடும். ஈரமான ஊரில் கோந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஒரு சிறு குறிப்புத் தாள் வையுங்கள்: நீர்க்குறி, மேல் துளை, பக்கத் துளை, படத்தின் அகலம், உயரம், அச்சு வகை. இதே ஒழுங்கில் பத்துப் பதினைந்து முறை செய்தால் கை பழகிவிடும். அரிது என்று அளவுகள் சொன்னால் ஒருநாள் விட்டு மறுபடி அளங்கள். அப்போதும் அதே எண்கள் வந்தால் நியூயார்க்கின் பிலாடெலிக் ஃபவுண்டேஷனுக்கோ, பென்சில்வேனியாவின் அமெரிக்க பிலாடெலிக் சங்கத்துக்கோ சான்றிதழுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. அனுப்பும்வரை அந்த ஸ்டாம்பைச் சுத்தம் செய்யாதீர்கள், மடிந்த பல்லை நிமிர்த்தாதீர்கள், பின்னால் ஒட்டியிருக்கும் பழைய ஹிஞ்சையும் (ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு கோந்துத் தாள்) உரிக்காதீர்கள்.