கோழி தூங்கி நிக்குதா? மருந்துக்கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கோழி ரெண்டு நாளா தூங்கி தூங்கி நிக்குதுன்னா உடனே மெடிக்கல்ல போய் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி, பிரிச்சு, பாதிய வாய்ல கொட்டி தண்ணி ஊத்துறது நம்ம ஊர்ல ரொம்ப காலமா நடக்குது. பொழச்சா மருந்து கேட்டுச்சும்போம், செத்தா கோழிக்கு ஆயுசு அவ்ளோதான்னு போயிருவோம். ஆனா அந்தக் கோழிக்கு என்ன சீக்குன்னு கடைசி வரைக்கும் யாருமே பாத்திருக்க மாட்டாங்க. பத்து இருபது நாட்டுக்கோழி வச்சிருக்குற வீட்டுக்கு மருந்துப் பேரு நிறைய தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல, கோழியப் பாக்கத் தெரியணும், கையில புடிச்சு தடவிப் பாக்கத் தெரியணும், மருந்தெல்லாம் அதுக்கப்புறம்.

கோழி தன் சீக்க மறைக்கும். கூட்டத்துல வீக்கா தெரிஞ்சா மத்ததுங்க கொத்தித் தள்ளும், அதனால முடியிற வரைக்கும் ஒண்ணுமே இல்லாத மாதிரி கூட சேந்து மேஞ்சுட்டுதான் இருக்கும். நம்ம கண்ணுக்கு அது றெக்கைய தொங்கவிட்டு கழுத்த உள்ள இழுத்துட்டு நிக்கிறது தெரியும்போது சீக்கு வந்து ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆயிருக்கும். அதனால காலைல கூட்டத் தொறந்து கம்போ குருணையோ வீசுற அந்த அஞ்சு நிமிஷம் சும்மா வீசிட்டு வந்துராதீங்க, நில்லுங்க. எது கடைசியா வருது, எது வந்தும் கொத்தாம நிக்குது, எந்த கொண்டை நேத்து இருந்த சிவப்புல இல்ல, இதப் பாருங்க. கொண்டை வெளுத்திருந்தா பேனு, குடல்புழு, ரத்தம் போறது இப்படி ஏதாவது இருக்கலாம், நீலம் பாஞ்சிருந்தா மூச்சு விடுறதுல கோளாறு இருக்கலாம். முட்டைய நிறுத்துன பெட்டைக்கும் கொண்டை சுருங்கி வெளுத்துதான் இருக்கும், அதப் பாத்து பயந்துராதீங்க. அடைக்கோழியும் அப்படித்தான், உப்பிக்கிட்டு தீனி எடுக்காம உக்காந்திருக்கும். கைய நீட்டுனா உர்ருன்னு சீறி கொத்த வந்துச்சுன்னா அது அடை, சீக்குக்கோழிக்கு அந்தத் தெம்பு இருக்காது.

அடுத்து எச்சம். ராத்திரி கோழி அடையிற எடத்துக்குக் கீழ காலைல பாருங்க, கூட்டறதுக்கு முன்னாடி. கரும்பழுப்பு கட்டி, மேல வெள்ளைத் தொப்பி, இது நார்மல். இடையில சில தடவ பசை மாதிரி பழுப்பா, நாத்தத்தோட போகும், அதுவும் நார்மல்தான், நிறைய பேரு அதக் கழிச்சல்னு நெனச்சு மருந்து குடுத்துட்டு இருக்காங்க. பச்சையா தண்ணி மாதிரி போனா தீனி எடுக்கலன்னு அர்த்தம், பித்தம் மட்டும் எறங்குது. வெள்ளையும் பச்சையுமா பீச்சுனா உஷார். ரத்தம் கலந்து போனா அன்னைக்கே கவனிக்கணும்.

சந்தேகம் வந்த கோழிய பகல்ல தொரத்தாதீங்க, இருட்டுனதுக்கு அப்புறம் புடிங்க, சத்தமில்லாம கைக்கு வரும். புடிக்கும்போது நெஞ்ச அமுக்கக்கூடாது. கோழிக்கு நமக்கு இருக்குற மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாதான் மூச்சே, இறுக்கிப் புடிச்சா மூச்சு முட்டி செத்தே போகும். சீக்குக்கோழிய கால புடிச்சு தலைகீழா தூக்குறதும் வேணாம். றெக்கையோட சேத்து அணைச்சு மடியில வச்சுக்கிட்டு நெஞ்செலும்ப தடவுங்க. ரெண்டு பக்கமும் சதை இல்லாம கத்தி மாதிரி குத்துச்சுன்னா இது இன்னைக்கு நேத்து வந்த சீக்கு இல்ல, பல நாளா எளைச்சிருக்கு. கழுத்துக்கு கீழ இருக்குற தீனிப்பை சாயங்காலம் நெறஞ்சிருக்கணும், காலைல காலியா இருக்கணும், காலைலயும் கல்லு மாதிரி இருந்தா அடைச்சிருக்கு. கொழகொழன்னு தண்ணி பை மாதிரி இருந்து வாயில புளிச்ச வாடை வந்தா உள்ள புளிச்சுக் கெடக்கு. வாயத் தொறந்து வெள்ளைப் படை இருக்கான்னு பாருங்க, பின்பக்க இறகை விலக்கி பேன் முட்டை இருக்கான்னு பாருங்க, பாதத்த திருப்பிப் பாருங்க. எல்லாம் சேத்து ரெண்டு நிமிஷ வேலைதான். நல்லா இருக்குற கோழியையும் இப்படி புடிச்சுப் பாத்திருந்தாதான் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

என்ன சீக்குன்னு தெரியுதோ தெரியலயோ, தனியா பிரிக்கிறது உடனே நடக்கணும். பழைய பஞ்சாரம் ஒண்ணு போதும், நெழல்ல, காத்தோட்டமா, மத்த கோழிங்க மேயாத பக்கம் கவுத்து வைங்க, கீழ காஞ்ச உமியோ சாக்கோ. தீனி தண்ணி மொதல்ல நல்ல கோழிங்களுக்கு வச்சுட்டு கடைசியாதான் சீக்குக்கோழி கிட்ட போகணும், வந்து கை கால் கழுவணும். செத்துப்போற கோழியில நிறைய சீக்கால சாகுறத விட தண்ணி வத்தித்தான் சாகுது, அதனால ஓஆர்எஸ் பாக்கெட் கரைச்சு வைங்க, இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அதுக்கு மேல உப்பு போடாதீங்க, கோழிக்கு உப்பு ஜாஸ்தியானா விஷம். தானா குடிக்கலன்னா ஊசியில்லாத சிரிஞ்சுல அலகு ஓரமா சொட்டு சொட்டா விட்டு, முழுங்குறத பாத்துட்டு அடுத்த சொட்டு. நாக்குக்கு பின்னாடி தெரியிற ஓட்டைதான் மூச்சுக்குழாய், மடமடன்னு ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிரும். மருந்து குடுத்த கையோட செத்துச்சுன்னு சொல்ற கதைல நிறைய இதுதான்.

இப்ப வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட்னு சொல்றதும் இதத்தான், இமயமலைப் பக்கம் இப்ப உத்தரகாண்ட்ல இருக்குற ராணிக்கெட் ஊரு பேரு, வெளிநாட்டுல நியூகாசில்னு சொல்லுவாங்க. வெள்ளையும் பச்சையுமா கழியும், வாயப் பொளந்து மூச்சு வாங்கும், கால இழுக்கும், கழுத்து திருகிக்கும், ஒரு வாரத்துல கூடே காலியாயிரும். இது வைரஸ், இதுக்கு மருந்து கிடையாது, எந்த கேப்சூலும் கேக்காது. கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அரைச்சு உருட்டிப் போடுறதுக்கு நான் எதிரி இல்ல, தீனி எடுக்காத கோழிக்கு அது கொஞ்சம் தெம்பு குடுக்கலாம், ஆனா தடுப்பூசிக்கு பதிலா அத நம்புனீங்கன்னா கூட்டத்தோட போயிரும்.

தடுப்பூசி கணக்கு இதுதான்: குஞ்சு பொறிச்ச அஞ்சுல இருந்து ஏழாவது நாளுக்குள்ள லசோட்டா இல்லன்னா எஃப்1 வகை தடுப்பு மருந்து கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, அப்புறம் எட்டாவது வாரம் போல ஆர்2பி அரை மில்லி, றெக்கைக்கு கீழ தோலுக்கடியில ஊசி. சின்னக் குஞ்சுக்கு ஆர்2பி போடவே கூடாது, ஏற்கனவே சீக்கா இருக்குறதுக்கும் போடக்கூடாது. தமிழ்நாட்டுல கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல ரெண்டு வார முகாம் போட்டு இலவசமா ஊசி போடுறாங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, அத விட்றாதீங்க. சிக்கல் என்னன்னா மருந்து குப்பி நூறு கோழி இருநூறு கோழி கணக்குலதான் வரும், நம்ம கிட்ட இருக்குறதோ பன்னெண்டு. கரைச்சுட்டா ஐஸ்லயே வச்சிருந்தாலும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்த நாளைக்குன்னு வச்சா அது வெறும் தண்ணி. அதனால தெருவுல கோழி வச்சிருக்குற நாலு வீட்டையும் சேத்துக்கிட்டு ஒரே நாள்ல, ஐஸ் போட்ட பிளாஸ்க்கோட, விடியக்காலமோ சாயங்காலமோ முடிச்சிருங்க. பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டாதான் உங்க கோழிக்கு பாதுகாப்பு, ரெண்டும் ஒரே குப்பையதான் கெளறுது.

இன்னொண்ணு, கழிச்சல் கண்ட உடனே மிச்சத்த சந்தையில தள்ளிரலாம்னு கூடையில போட்டு பஸ் ஏத்துறாங்க பாருங்க, அந்தக் கூடையோடதான் சீக்கு அடுத்த ஊருக்குப் போகுது. செத்தத ஏரிக்கரையில வீசாம ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க. புதுசா வாங்கிட்டு வர்ற கோழிய ரெண்டு மூணு வாரமாவது தனியா வச்சுட்டு அப்புறம் கூட்டத்துல விடுங்க.

குஞ்சுங்களுக்கு மூணாவது வாரத்துல இருந்து ரத்தக்கழிச்சல் வரும், மழைக்காலம், ஈரத்தரை, நெருக்கமா அடைச்சது இது மூணும் சேந்தா வராம இருக்காது. குஞ்சு ஒடுங்கி நிக்கும், எச்சத்துல ரத்தம் தெரியும். இது வைரஸ் இல்ல, ஒரு ஒட்டுண்ணி, இதுக்கு மருந்து இருக்கு, ஆம்ப்ரோலியம் பவுடர், பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல தண்ணியில கலந்து அஞ்சு நாள், வேற தண்ணி வைக்காம. முக்கியமா அந்த நாள்ல பி காம்ப்ளெக்ஸ் டானிக் சேத்துக் குடுக்காதீங்க. ஆம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கெடைக்காம பண்ணித்தான் அதக் கொல்லுது, நீங்க ஒரு பக்கம் பி1 ஊத்துனா மருந்து வேலை செய்யாது. டானிக் கோர்ஸ் முடிஞ்சப்புறம். தரையில ஈர உமிய அள்ளிக் கொட்டிட்டு புதுசு போடலன்னா எந்த மருந்தும் வீண்தான்.

சளில மூஞ்சி ஒரு பக்கம் வீங்கி, கண்ணு மூடி, கிட்ட போனா நாத்தம் அடிச்சா அது பாக்டீரியா சமாச்சாரம், இங்கதான் ஆன்டிபயாடிக் வேணும், ஆனா எது எவ்ளோ எத்தன நாளுன்னு டாக்டர் சொல்லணும், ஒரு நாள் குடுத்து நிறுத்துறது குடுக்காததை விட மோசம். கொலிஸ்டின்னு ஒண்ணு கோழிக்கு சர்வசாதாரணமா குடுத்துட்டு இருந்தாங்க, மனுஷங்களுக்கு கடைசி கட்டத்துல குடுக்குற மருந்துங்கறதால 2019ல கால்நடைக்கு தடை பண்ணிட்டாங்க, பழைய டப்பா வீட்ல இருந்தா தூக்கிப் போடுங்க. மருந்து ஓடுற நாளும் அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் முட்டைய சாப்பிடாதீங்க, விக்காதீங்க.

அம்மை பாக்க பயங்கரமா இருக்கும், கொண்டையிலயும் கண்ணச் சுத்தியும் கொப்பளம், கொசுதான் பரப்புது. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு தடவி, கண்ணு மூடிப் போயிருந்தா கையால தீனி ஊட்டி விட்டா மூணு நாலு வாரத்துல உதிந்துரும், பொருக்க பிய்க்காம இருந்தா போதும். வாய்க்குள்ள வந்தா மட்டும் ஆபத்து. பேன் செள்ளுக்கு சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழி, கோழி தானே பொரண்டுக்கும். ராத்திரி ரத்தம் குடிக்கிற செள்ளு பகல்ல கூட்டோட இடுக்குலதான் ஒளிஞ்சிருக்கும், அதனால கூட்டுக்கு சுண்ணாம்பு அடிங்க. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்த கோழி மேல அடிக்கிறத தயவு செஞ்சு விட்ருங்க.

காயத்துக்கு வருவோம். நாய் கடிச்சு முதுகுத் தோல் உரிஞ்சு தொங்குற கோழியப் பாத்து நிறைய பேரு அறுத்துரலாம்னு சொல்லுவாங்க, அவசரப்படாதீங்க, சதைக்காயத்துல இருந்து கோழி எந்திரிச்சு வர்ற மாதிரி வேற எதுவும் வராது. மொதல்ல சுத்தமான துணிய வச்சு அமுக்கி ரத்தத்த நிறுத்துங்க, இருட்டான அட்டைப்பெட்டியில அரைமணி நேரம் விடுங்க, அதிர்ச்சியே பாதி உயிர எடுத்துரும். அப்புறம் ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைச்சு சிரிஞ்சால பீச்சிக் கழுவுங்க, மண்ணு இறகு எல்லாம் வெளிய வரணும், காயத்துல ஒட்டுற இறகை கத்தரியால வெட்டுங்க, பிடுங்காதீங்க. பெட்டாடின கட்டங்காப்பி நெறத்துல ஊத்த வேணாம், லேசான டீ கலர்ல தண்ணி கலந்து போட்டா போதும். றெக்கைக்கு அடியிலயும் இறகை ஊதி விலக்கிப் பாருங்க, பூனை கீரி கடிச்சா வெளிய ரெண்டு பொட்டு மட்டும்தான் தெரியும், உள்ள ஆழமா போயிருக்கும், அதுக்கு டாக்டர் கிட்ட ஆன்டிபயாடிக் வேணும். தோலத் தொட்டா நொறுநொறுன்னு காத்து அடைச்ச மாதிரி இருந்தா உள்ள காத்துப்பை கிழிஞ்சிருக்கு, பல நேரம் தானா வடிஞ்சுரும். வயிறு கிழிஞ்சு குடல் தெரிஞ்சா ஈரத்துணிய போத்தி உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் ஈ. ஒரே நாள்ல புழு வச்சிரும், அதனால கொசுவலைக்குள்ளதான் வைக்கணும். புழு வந்துட்டா தேங்காயெண்ணெயில கற்பூரத்த பொடிச்சுக் கலந்து விடுங்க, இல்லன்னா சீத்தா இலைய அரைச்சு அப்புங்க, மேல வர்ற புழுவ ஒண்ணொண்ணா எடுத்துருங்க, மறுநாளும் பாருங்க, ஒரு தடவையில முடியாது. காயம் சிவப்பா தெரியிற வரைக்கும் கூட்டத்துல விட்டா மத்ததுங்க கொத்தியே கொன்னுரும். கணுக்காலுக்கு கீழ எலும்பு முறிஞ்சா பஞ்சு சுத்தி ஐஸ் குச்சிய ரெண்டா பொளந்து வச்சு ரெண்டு மூணு வாரம் கட்டு, விரலு வீங்குனா கட்ட தளத்துங்க. தொடை எலும்புன்னா வீட்ல கைய வைக்காதீங்க.

திடீர்னு ஒரே நாள்ல நாலஞ்சு கோழி காரணமே இல்லாம சாஞ்சா, தலை வீங்கி கொண்டை கருத்திருந்தா, வெறும் கையால தொடாதீங்க, குழம்பும் வைக்காதீங்க, பறவைக்காய்ச்சலா இருக்கலாம், பக்கத்து கால்நடை மருந்தகத்துல சொல்லணும், 1962க்கு போன் பண்ணாலும் கால்நடை ஆம்புலன்ஸ்காரங்க கிட்ட பேசலாம். மத்தபடி ஒண்ணு ரெண்டு செத்து காரணம் புரியலன்னா புதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கோழிய, செத்து சில மணி நேரத்துக்குள்ள, கையில உறை மாட்டிக்கிட்டு ரெண்டு கவருக்குள்ள போட்டு ஐஸ் வச்சு டாக்டர் கிட்ட கொண்டு போங்க. ஃப்ரீசர்ல வச்சு கட்டியாக்கிட்டா அறுத்துப் பாக்குறதுக்கு ஒதவாது. கூடவே காலைல போன எச்சத்தையும் ஒரு கவர்ல எடுத்துட்டுப் போங்க, எப்ப ஊசி போட்டீங்க, என்ன தீனி, என்ன மருந்து ஏற்கனவே குடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, அந்த கேப்சூல் கதையையும் சேத்து.